எந்த கோர்ஸ் போடலாம் சார்?

நெட்வொர்க் வேலையில் இருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் மத்தியில் இரண்டு கடமைகள் உண்டு. எல்லார் வீட்டு வைஃபையையும் சரிசெய்து தர வேண்டும். படிப்பை முடித்த பிள்ளைகளுக்கு எந்த கோர்ஸ் போடலாம் என்று சொல்ல வேண்டும். முதலாவது எளிது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் பாதிப் புகார் தீர்ந்துவிடும். இரண்டாவதில் கேட்பவர்கள் எதிர்பார்ப்பது ஒரே ஒரு பெயர். சிசிஎன்ஏ என்றோ ஏடபிள்யூஎஸ் என்றோ சொல்லிவிட்டால் அன்றைக்கே போய்ப் பணம் கட்டிவிடுவார்கள். "வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பையன் எந்த நாற்காலியில உட்காரப் போறான்?" என்று நான் திருப்பிக் கேட்டால், சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

விஷயம் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. ஐ.டி. என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, நிரல் எழுதாத பக்கத்தில் புதியவர்களுக்குக் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். ஹெல்ப் டெஸ்க்கில் போன் எடுப்பது. டெஸ்க்டாப் சப்போர்ட் என்ற பெயரில் மாடி மாடியாக ஏறி கம்ப்யூட்டரும் பிரிண்டரும் பார்ப்பது. நாக் என்று நாங்கள் சொல்கிற கண்காணிப்பு அறையில் ராத்திரி ஷிஃப்ட் உட்காருவது. லினக்ஸ் சர்வர்களைக் கவனிக்கும் குழுவில் கடைசி ஆளாகச் சேருவது. கிளவுட் ஆர்க்கிடெக்ட், செக்யூரிட்டி கன்சல்டன்ட் எல்லாம் இந்த நாற்காலிகளில் சில வருஷம் உட்கார்ந்து எழுந்தவர்கள் போய்ச் சேருகிற இடம். பயிற்சி நிலைய நோட்டீஸ்களில் மட்டும் அவை முதல் படியாக இருக்கின்றன.

நான் வேலைக்கு வந்தது 2004 வாக்கில், சென்னையில். மைக்ரோசாஃப்டின் எம்சிஎஸ்இ சான்றிதழ் அலை அடித்து ஓய்ந்திருந்த நேரம். விண்டோஸ் 2000 காலத்தில் அந்தப் பட்டத்துக்கு ஏழு தேர்வு எழுத வேண்டும். கேள்வித் தொகுப்பை உருப்போட்டே அவற்றைத் தாண்டி, ஒரு சர்வரைக்கூடத் தொடாமல் வேலைக்கு வந்தவர்களை 'பேப்பர் எம்சிஎஸ்இ' என்று உலகம் முழுக்கக் கிண்டல் செய்தார்கள். எங்கள் மேலாளர் பயோடேட்டாவில் அந்த எழுத்துகளைப் பார்த்தால், "கேபிள் அடிக்கத் தெரியுமாப்பா?" என்றுதான் ஆரம்பிப்பார். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று எட்டுக் கம்பிகளையும் வரிசை மாறாமல் ஆர்.ஜே. 45 முனையில் ஏற்றிக் கிரிம்ப் செய்து காட்ட வேண்டும். முடியாதவர்களிடம் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்.

நான் சிஸ்கோவின் சிசிஎன்ஏ எடுத்ததற்குப் பெரிய யோசனை எதுவும் காரணமில்லை. அலுவலகத்தில் கிளைகளை இணைக்க சிஸ்கோ ரவுட்டர்கள் இருந்தன. அவற்றைத் தொட எனக்கு அனுமதி இல்லை. தேர்வு எழுதித் தேறினால் தொட விடுவார்கள். அப்போது தேர்வு எண் 640-801. நண்பர்கள் சிலர் சேர்ந்து காசு போட்டு, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் பழைய 2501 ரவுட்டர் இரண்டு வாங்கினோம். ஏதோ ஒரு கம்பெனி கழித்துக்கட்டியவை. அந்த மாடலில் நெட்வொர்க் கேபிளை நேராகச் செருக முடியாது. ஏயூஐ என்ற அகலமான இணைப்பில் டிரான்சீவர் ஒன்றை மாட்டி, அதில்தான் செருக வேண்டும். அது தெரியாமல் வீட்டுக்கு வந்து, மறுபடி ரிச்சி தெருவுக்குப் போனோம். கன்சோல் கேபிளைக் கம்ப்யூட்டரில் இணைத்து, ஹைப்பர் டெர்மினலில் 9600 வேகம் வைத்து, திரையில் முதல் எழுத்துகள் ஓடியபோது நாங்கள் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் மாடிக்கு வந்துவிட்டார்.

இரண்டு ரவுட்டர்களையும் சீரியல் கேபிளால் இணைத்தோம். முகவரி கொடுத்தோம். பிங் போகவில்லை. 'ஷோ இன்டர்ஃபேஸ்' அடித்தால், சீரியல் 0 அப், லைன் புரோட்டோகால் டவுன் என்று வந்தது. பாதி உயிர் இருக்கிறது, பாதி இல்லை. கேபிளை மாற்றிப் பார்த்தோம், ரவுட்டரையே சந்தேகப்பட்டோம், விற்றவரைத் திட்டினோம். விடை புத்தகத்தில் ஒரே ஒரு வரியாக இருந்தது. நிஜமான லீஸ்டு லைனில் இரண்டு முனைகளும் எந்தத் தாளத்தில் பிட்டுகளை அனுப்ப வேண்டும் என்பதைத் தொலைபேசிப் பக்கத்து மோடம் தீர்மானிக்கிறது. எங்கள் மேசையில் மோடம் கிடையாது. ஆகவே கேபிளின் டிசிஇ முனை எந்த ரவுட்டரில் இருக்கிறதோ அது தாளம் போட வேண்டும். 'கிளாக் ரேட் 64000' என்று அடித்ததும் இரண்டு பக்கமும் அப்.

அந்த வரியைத் தேர்வுக்காக மட்டும் படித்திருந்தால் தேர்வு முடிந்த கையோடு மறந்திருப்பேன். கிளை ஒன்றின் லைன் விழுந்து, திரையில் அதே அப், அதே டவுன் வந்தபோது ரவுட்டரைத் தொடாமல் நேராக மோடத்தைப் பார்க்கச் சொன்னேன். அதன் பவர் அடாப்டர் செத்துக்கிடந்தது. மேலாளர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ரவுட்டர்களின் பாஸ்வேர்டு என்னிடமும் இருந்தது.

கெடுத்துப் பார்க்க முடிகிற ஒன்றைத்தான் முதல் சான்றிதழாக எடுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். இன்றைக்கு ரிச்சி தெருவுக்கு அலையத் தேவையில்லை. சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசமாகப் பதிந்தால் பேக்கெட் டிரேசர் கிடைக்கும். சுமாரான லேப்டாப்பிலும் ஓடும். மூன்று சுவிட்சுகளை முக்கோணமாக இணைத்து, ஸ்பேனிங் ட்ரீயை அணைத்துவிட்டு, என்ன ஆகிறது என்று பாருங்கள். நான் அதை ஒரு வாடிக்கையாளர் அலுவலகத்தில் நிஜமாகவே பார்த்திருக்கிறேன்.

காலையில் மாடி முழுக்க நெட்வொர்க் இல்லை. சர்வர் போய்விட்டது என்று ஒருவர், இன்டர்நெட்காரன் சரியில்லை என்று இன்னொருவர். உள்ளே போய்ப் பார்த்தால் சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில், மூச்சு விடாமல் துடித்துக்கொண்டிருந்தன. இயல்பான நெட்வொர்க்கில் விளக்குகள் ஆளுக்கொரு விதமாகத்தான் மினுங்கும். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒன்றைப் பிடுங்கியதும் மற்ற எல்லாம் அடங்கின. அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் அக்கவுண்ட்ஸ் மேசைக்கு அடியில் ஐந்து போர்ட் சின்ன சுவிட்ச். அதில் ஒரே கேபிளின் இரண்டு முனைகளும் செருகியிருந்தன. தரையில் கிடந்த முனையை யாரோ நல்லெண்ணத்தில் எடுத்துக் காலி போர்ட்டில் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சின்ன காரியம் ஒரு மாடியையே எப்படி முடக்கும்? ஐபி பாக்கெட்டுக்கு டிடிஎல் என்று ஆயுள் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் தூக்கி எறியப்படும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஆயுள் எதுவும் கிடையாது. எல்லாருக்கும் என்று ஒரு ஃபிரேம் கிளம்பினால், வளையத்தில் அது சுற்றிக்கொண்டே இருக்கும்; பின்னால் வருவதும் சேர்ந்துகொள்ளும்; சற்று நேரத்தில் உண்மையான வேலைக்கு இடமே இருக்காது. இந்த வளையத்தை அறுக்கத்தான் ரேடியா பெர்ல்மன் 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஸ்பேனிங் ட்ரீயை உருவாக்கினார். அந்த அலுவலகத்து மலிவு சுவிட்சுகளில் அது இல்லை. நாற்பது ஆண்டு பழைய விஷயம். இன்றைய சிசிஎன்ஏ பாடத்திலும் இருக்கிறது, இன்றைய அலுவலகங்களிலும் தேவைப்படுகிறது.

பாடத்தின் இந்த ஆயுளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சான்றிதழ்களின் பெயர்கள் சீக்கிரம் செத்துவிடுகின்றன. மைக்ரோசாஃப்ட் 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ இரண்டையும் மூடிவிட்டது. சிஸ்கோ 2020 பிப்ரவரி 24 அன்று, துறைவாரியாகப் பிரிந்துகிடந்த சிசிஎன்ஏக்களைச் சேர்த்து 200-301 என்று ஒரே தேர்வாக்கியது. ஆனால் ஒரு முகவரியில் எது நெட்வொர்க், எது கணினி என்று மாஸ்க்கை வைத்துப் பிரிக்கிற கணக்கு நான் படித்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

நேர்முகத் தேர்வு எடுக்கிற பக்கத்துக்கு நான் மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கணக்கைக் கண்டிப்பாகக் கேட்பேன், ஆனால் கணக்காகக் கேட்க மாட்டேன். "மாஸ்க் 255.255.255.224. புது பிரிண்டருக்கு 192.168.10.95 கொடுக்கலாமா தம்பி?" என்பேன். புரிந்து படித்தவர்கள் 32, 64, 96 என்று விரல் விட்டு எண்ணிவிட்டு, "அது பிராட்காஸ்ட் சார், 94 வரைக்கும்தான் கொடுக்கலாம்" என்பார்கள். டம்ப்ஸ் என்கிற கேள்வித் தொகுப்புகளை உருப்போட்டவர்கள் "ஆப்ஷன் இருக்கா சார்?" என்று கேட்டதுண்டு. சத்தியமாக.

அதேபோல் இன்னொரு கேள்வி: லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருக்கிறது, என்ன செய்வீர்கள்? சான்றிதழ் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் "ஏபிபா சார்" என்று பெயரைச் சொல்லிவிட்டு, சரியான பதில் சொன்ன திருப்தியில் நிறுத்திவிடுவார்கள். பெயர் சரிதான். டிஹெச்சிபி சர்வரிடம் முகவரி கேட்டுப் பதில் வராததால் லேப்டாப் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். நான் கேட்டது அடுத்து என்ன செய்வீர்கள் என்பதை. அரசு பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த ஒரு பெண், சான்றிதழ் எதுவும் இல்லை, பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டாள்: "பக்கத்து சீட்டுல வருதா சார்?" ஒரு ஆளுக்கு மட்டும் என்றால் கேபிள், போர்ட், விலான். எல்லாருக்கும் என்றால் சர்வர், அல்லது கொடுக்க முகவரி தீர்ந்துபோயிருக்கும். அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. கல்லூரி லேப் கம்ப்யூட்டர்களை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எடுத்துக்கொண்டோம். சிசிஎன்ஏ பிறகு எழுதினாள், கம்பெனி செலவில்.

இதைச் சொன்னால் உடனே, "அப்போ சர்டிஃபிகேட்டே வேண்டாம்கிறீங்களா?" என்பார்கள். அப்படியில்லை. அந்தப் பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தது எங்கள் குழுவில் ஒருவர் பரிந்துரைத்ததால். பரிந்துரைக்க ஆள் இல்லாத பிள்ளைகளின் பயோடேட்டாவை எச்.ஆர். எடுத்துப் பார்க்க அந்த ஐந்தாறு எழுத்துகள் தேவைப்படுகின்றன. முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளைகளுக்கு இது பொருட்டில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. உள்ளே வரக் காகிதம் வேண்டும். வந்தபின் காகிதம் பேசாது, அவ்வளவுதான்.

எல்லாரும் சிசிஎன்ஏதான் எழுத வேண்டுமா என்றால், அதுவும் இல்லை. கறுப்புத் திரையில் தட்டுவது பிடித்தவர்களுக்கு ரெட் ஹேட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஆரம்பநிலைத் தேர்வுகளில் நேர்மையானது அதுதான். நம் ஊர் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் மாதிரி. நிமிஷத்துக்கு 30 சொல், 45 சொல் என்று மெஷின் முன்னால் உட்கார்ந்து அடித்துக் காட்ட வேண்டும். உருப்போட்டுத் தப்பிக்க வழியில்லை. ஆர்ஹெச்சிஎஸ்ஏவிலும் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே கிடையாது. மூன்று மணி நேரம், இயந்திரத்தைக் கொடுத்துவிடுவார்கள். பயனர்களை உருவாக்கு, வட்டைப் பிரித்து ஏற்று, எஸ்ஈலினக்ஸ் தடுப்பதைச் சரிசெய் என்கிற ரகத்தில் பணிகள். இன்டர்நெட் கிடையாது, லினக்ஸோடு வரும் மேன் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளலாம். 300-க்கு 210 எடுக்க வேண்டும். செய்ததெல்லாம் ரீபூட் ஆனபிறகும் நிலைக்க வேண்டும் என்பது விதி. எஃப்எஸ்டேப் கோப்பில் ஓர் எழுத்து தவறினால் இயந்திரம் எழுந்திருக்காமல் எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு நிஜ சர்வரிலும் அதேதான் நடக்கிறது என்பதால் இந்தக் கெடுபிடியை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் பழக ரெட் ஹேட்டையே வாங்க வேண்டியதில்லை. அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இலவசம், விர்ச்சுவல்பாக்ஸில் போட்டுக்கொள்ளலாம்.

காம்டியாவின் ஏ பிளஸ் 1993-இலிருந்து இருக்கிறது. ஹெல்ப் டெஸ்க் வேலைக்கு அதன் பாடம் கச்சிதம். ஆனால் இரண்டு தேர்வு, தனித்தனிக் கட்டணம், நம் ஊரில் அதைக் கேட்டு ஆளெடுப்பவர்கள் குறைவு. பாடத்திட்டத்தை இலவசமாகத் தரவிறக்கிப் படித்துவிட்டுப் பணத்தை மிச்சம் பிடியுங்கள் என்றே சொல்வேன்.

செக்யூரிட்டி பிளஸ்ஸை முதல் சான்றிதழாகப் பரிந்துரைக்கும் அமெரிக்கப் பட்டியல்களை நம் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். அங்கே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் கணினிகளைத் தொடும் பணிகளுக்கு அங்கீகரித்த சான்றிதழ் இருக்க வேண்டும் என்று 8570 என்ற ஆணையில் விதித்தது. இப்போது அதன் இடத்தில் 8140. அதனால் அங்கே அதற்குத் தனி மதிப்பு. சேலத்திலோ சோழிங்கநல்லூரிலோ அந்த ஆணைக்கு வேலை இல்லை. தவிர, சாதாரண டிராஃபிக் எப்படி இருக்கும் என்று பார்த்தே இராதவன் அசாதாரணத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பான்? வயர்ஷார்க்கைத் திறந்து தன் வீட்டு வைஃபையில் டிஎன்எஸ் கேள்வி போவதையும் பதில் வருவதையும் கொஞ்ச நாள் பார்க்கட்டும்.

கிளவுட் பற்றி நான் பேசினால் பழைய ஆள் என்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஏடபிள்யூஎஸ் கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர், 90 நிமிஷம், 65 கேள்வி. மைக்ரோசாஃப்டின் ஏஇசட்-900 காலாவதியே ஆகாது. இரண்டும் எந்தச் சேவைக்கு என்ன பெயர், பில் எப்படி வரும், எதற்கு யார் பொறுப்பு என்று கேட்கிற தேர்வுகள். விற்பனைக்காரருக்கும் உதவும். கை பழகுவதற்கு அவை போதாது. அடுத்த நிலையில் உட்கார்ந்தால் விபிசி என்ற தனி நெட்வொர்க்கைக் கட்டச் சொல்வார்கள். அங்கே மறுபடி அதே மாஸ்க் கணக்குதான். ஒரே வித்தியாசம், நாங்கள் ஒரு சப்நெட்டில் இரண்டு முகவரிகளைக் கழிப்போம், ஏடபிள்யூஎஸ் ஐந்தை எடுத்துக்கொள்ளும்: முதல் நான்கு, கடைசி ஒன்று. பழகும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாட் கேட்வே ஒன்றைப் போட்டு மறந்துவிட்டால் நீங்கள் தூங்கும்போதும் மணிக்கணக்கில் கட்டணம் ஏறும். கணக்குத் திறந்த அன்றே பட்ஜெட் அலாரம் வையுங்கள், அப்பாவின் கிரெடிட் கார்டு என்றால் கட்டாயமாக.

பணம் என்றதும் சொல்லிவிடுகிறேன். 200-301 தேர்வுக் கட்டணம் 300 டாலர், வரி தனி. நம் காசுக்கு 25,000 ரூபாய்க்கு மேல். 120 நிமிஷம், தாண்டிய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. தேறினால் மூன்று ஆண்டு செல்லும். நாக் வேலைக்கு வருகிற புதியவரின் ஒரு மாதச் சம்பளத்தைவிட இது அதிகமாக இருக்கலாம். இவ்வளவு பணத்தைப் பயத்தில் கட்டுவதால்தான் டம்ப்ஸ் விற்கிறது. "கோர்ஸ் ப்ளஸ் டம்ப்ஸ் ப்ளஸ் பிளேஸ்மென்ட்" என்று நூறு சதவீதம் போடுகிற இடங்களைக் கண்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். டம்ப்ஸ் பயன்படுத்தியது தெரிந்தால் சிஸ்கோ சான்றிதழை ரத்து செய்யும், மறுபடி எழுதவும் விடாது. அதைவிட, கட்டணத்தில் கால் பங்குகூடச் செலவில்லாமல் ஆறு மாதம் பேக்கெட் டிரேசரில் பழகிவிட்டுத் தேதி வாங்கினால் அந்தப் பயமே பெரும்பாலும் இருக்காது. ஷோ கட்டளையின் விடையைப் பார்க்கும் முன்பே என்ன வரப்போகிறது என்று சொல்ல வருகிறதா? வந்தால் தேதி வாங்குங்கள்.

வேலை முதலில் கிடைத்துவிட்டால் இன்னும் நல்லது. தேறியவுடன் கட்டணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் பல உண்டு, சேரும்போதே எச்.ஆரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். சில இடங்களில் அதற்கு ஈடாக ஒன்று, ஒன்றரை ஆண்டுக்கு பாண்ட் எழுதச் சொல்வார்கள். தொகை எவ்வளவு, நடுவில் விலகினால் முழுதும் கட்ட வேண்டுமா, மாதாமாதம் குறையுமா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டிகிரி, மார்க் ஷீட் ஒரிஜினலை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகச் சொன்னால் மட்டும் கொடுக்காதீர்கள். காட்டிவிட்டு, நகலைக் கொடுத்துவிட்டு, ஒரிஜினலை அன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.